மொட்டை மாடி இல்லாத ஊர்

எனக்கு நெரிசலான ஊர்தான் பிடிக்கும். ஆளில்லாத தெருவைப் பார்த்தால் வந்த வழியே திரும்பிவிடுவேன். பொங்கலூரில் தோட்டத்து வீட்டில் இருக்கும் என் சொந்தக்காரர்கள், "வந்து நாலு நாள் இருந்துட்டுப் போங்க, எத்தன அமைதியா இருக்குதுன்னு பாருங்க" என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் கூப்பிடுகிறார்கள். அமைதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? திருப்பூர் நல்லூரில் எங்கள் தெருவில் காலையில் எதிர் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஓவர்லாக் தையல் மெஷின் இரையத் தொடங்கி, துணிக்கட்டு ஏற்றிய டெம்போ யாருடைய பைக்கையாவது உரசி, அதற்கு நாலு பேர் கூடிச் சண்டை போட்டால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

வில்லூர்பானைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரான்சில் லியோன் என்று ஒரு பெரிய நகரம். அதை ஒட்டிக்கொண்டு, ஆனால் அதில் சேராமல், தனி நகராட்சியாக இருக்கிற ஊர் வில்லூர்பான். அந்த நாட்டில் இவ்வளவு ஜனம் நெருக்கியடித்து வாழும் புறநகர்கள் குறைவு என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். இறங்கிய முதல் நாளே, இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமே என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

நான் அங்கே போனது ஊர் சுற்றுவதற்கு அல்ல, சண்டை போடுவதற்கு.

நானும் என் வீட்டுக்காரரும் நல்லூரில் ஒரு சின்ன பனியன் யூனிட் நடத்துகிறோம். கீழே மெஷின்கள், அதற்கு மேல் செக்கிங்கும் அயர்னிங்கும், அதற்கு மேல் எங்கள் வீடு, எல்லாவற்றுக்கும் மேல் மொட்டை மாடி. கல்யாணமான நாளிலிருந்து அடுத்தவர்களுடைய ஆர்டருக்குத்தான் தைத்துக் கொடுத்தோம். துணி அவர்களுடையது, லேபிள் அவர்களுடையது, பேரும் அவர்களுடையது. ஊசி மட்டும் எங்களுடையது. இதற்கு ஜாப் ஒர்க் என்று பேர். எனக்கு அது ஆகவே ஆகாது. நாம் பெற்ற பிள்ளைக்கு வேறு யாரோ இனிஷியல் போடுகிறார்களே என்று சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரருக்குக் காது புளித்துப்போயிருக்கும்.

அப்படியிருக்கும்போதுதான் ஊரில் நடந்த பின்னலாடைக் கண்காட்சியில், கடைசி வரிசையில் இருந்த எங்கள் ஸ்டாலுக்கு ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி வந்தார். நரைத்த குட்டை முடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. வில்லூர்பானில் ஒரு சின்னக் கடை வைத்து, அங்குள்ள பள்ளிகளுக்கும் விளையாட்டுக் குழுக்களுக்கும் டி-ஷர்ட்டில் பேர் அச்சடித்துக் கொடுக்கிறவர். பெரிய கம்பெனிக்காரர்கள் இவ்வளவு சின்ன ஆர்டரா என்று அவரைக் கண்டுகொள்ளவில்லை. நான் விடுவேனா? நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, எனக்குத் தெரிந்த கம்பெனி இங்கிலீஷில் "குவாலிட்டி ஃபர்ஸ்ட் மேடம், அவுர் ஓன் யூனிட் மேடம்" என்று அடித்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விசிட்டிங் கார்டு கொடுத்தார். சரக்கு வாங்குகிறவரை எங்கள் ஊரில் பையர் என்போம்; அன்றிலிருந்து எங்கள் யூனிட்டில் அவருக்குப் பையரம்மா என்று பேர் நிலைத்தது.

முதலில் ஒரு சோதனை லாட், அவர் ஊரில் உள்ள ஒரு பெண்பிள்ளைகள் கூடைப்பந்துக் குழுவுக்கு. அது நன்றாக வந்தால் அந்த வட்டாரத்துக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் வருடம் முழுக்க எங்களிடமே தைப்பதாகப் பேச்சு. அட்டைப்பெட்டியில் எங்கள் யூனிட்டின் பேரை முதன்முறையாக அச்சடித்து வந்த அன்று, நான் அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். எங்கள் தூத்துக்குடிக்கார டைலர் பெட்டியில் இருந்த விலாசத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "யக்கா, மதுரைப் பக்கம் ஒரு வில்லூர் இருக்கே, அங்கயா போவுது?" என்றார். ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தோம்.

சிரிப்பு நெடுநாள் நிற்கவில்லை. பெட்டிகள் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் பையரம்மாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஒரு பெண், பதின்மூன்று பதினான்கு வயது இருக்கும், பந்தைக் கூடையில் எறிய இரண்டு கையையும் தூக்கி நிற்கிறாள். டி-ஷர்ட் மேலே ஏறி, வயிறு முழுக்க வெளியே தெரிகிறது. ஒரே ஒரு துவையலில் எல்லா உருப்படியும் நீளம் குறைந்துவிட்டதாம், பிள்ளைகள் போடமாட்டேன் என்கிறார்களாம், பெரிய ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறாராம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏனென்றால் நாங்கள் துவைத்துப் பார்க்காமல் எதையும் அனுப்புகிறவர்கள் இல்லை. எங்கள் யூனிட்டில் அது ஒரு சடங்கு மாதிரி. ஒவ்வொரு லாட்டிலும் ஓர் உருப்படியை எடுத்து, மெஷினில் துவைத்து, மொட்டை மாடியில் கொடியில் காயப்போட்டு, எங்கள் ஊர் வெயிலில் அது அப்பளமாகக் காய்ந்ததும் எடுத்து வந்து டேப் வைப்போம். அந்த லாட்டின் உருப்படியையும் நானே துவைத்தேன், நானே காயப்போட்டேன், நானே அளந்தேன். இம்மி குறையவில்லை. அவர்கள்தான் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அவித்திருக்கிறார்கள் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கத்துகிறவர் இல்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உடு புள்ள. நமக்கு ஜாப் ஒர்க்கே போதும். இதும் கையை உட்டுப் போச்சுன்னா, இனிமே சொந்த ஆர்டருங்கற பேச்சே நம்ம ஊட்டுல வேண்டாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பத்து சொல்லியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னார். நான் அந்த டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தேன். அவர் சொன்னால் சொன்னதுதான் என்பதும் எனக்குத் தெரியும்.

அன்றைக்கே முடிவு செய்தேன், நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று. தீபாவளி விடுமுறை வந்தது. தெற்கத்திக்காரர்களும் வடக்கத்திக்காரர்களும் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டால் திருப்பூர் ஒரு வாரத்துக்குத் துடைத்துவைத்த மாதிரி ஆகிவிடும். அந்த வாரத்தை நான் எப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கழிப்பேன். இந்த முறை மாடியில் துவைத்து அளந்த அந்தப் பனியனையும் இன்ச் டேப்பையும் ஒரு டப்பா ஊத்துக்குளி நெய்யையும் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன். "ஒரு பனியனுக்காக பிளைட் ஏறுறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் கோயம்புத்தூர் வரைக்கும் வந்து வழியனுப்பியதும் அவர்தான்.

நெய் டப்பா பையரம்மாவுக்கு இல்லை. அவர் கடைக்கு மேலே ஆறாவது மாடியில் குடியிருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு. அவள்தான் எங்களுக்கும் பையரம்மாவுக்கும் நடுவில் ஃபோனில் மொழிபெயர்த்து வந்தவள். என்னைவிடச் சின்னவள். விமான நிலையத்துக்கே வந்து, "வாங்கோ அக்கா, நல்லாக் களைச்சுப் போனீங்கள் போல" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். நான், "இருக்கட்டும் கண்ணு, நானே எடுத்துக்கறேன்" என்றேன். நாற்பது வயதில் தன்னை ஒருவர் கண்ணு என்று கூப்பிட்டதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் அங்கே இருந்த வரைக்கும் யாரைப் பார்த்தாலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிராமில் ஏறினோம். ஜன்னலுக்கு வெளியே நான் எதிர்பார்த்த பிரான்ஸ் இல்லை. காலண்டரில் பார்க்கும் பூந்தோட்டமும் இல்லை, அரண்மனையும் இல்லை. கட்டடத்தோடு கட்டடம் ஒட்டி, ஜன்னலுக்கு ஜன்னல் ஆள். ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து எழுந்தது போல, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவ்வளவு பேர் ஏறினார்கள், இறங்கினார்கள். தள்ளுவண்டியில் குழந்தை, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மாணவர்கள், மூட்டை மாதிரி காய்கறிப் பை வைத்திருந்த ஆப்பிரிக்க அம்மா. அந்த அம்மா என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

"இது லியோனா கண்ணு?" என்று கேட்டேன்.

"அக்கா, மெதுவாக் கதையுங்கோ. இஞ்ச இருக்கிற சனத்திட்ட அப்பிடிக் கேட்டா கோவிப்பினம். லியோன் அங்கால. இது வில்லூர்பான்" என்றாள்.

மறுநாள் அவள் என்னை ஒரு தெருவுக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். ஒரு நடைபாதை லியோன், எதிர் நடைபாதை வில்லூர்பான். ஒரே மாதிரி கடை, ஒரே மாதிரி மரம், நடுவில் ஒரு கோடுகூட இல்லை. ஆனாலும் பெரிய நகரத்தோடு இந்த ஊர் சேரவே இல்லையாம். தனி மேயர், தனி நகராட்சிக் கட்டடம், அதில் மணிக்கூண்டு வைத்த ஒரு பெரிய கோபுரம் வேறு. எங்கள் நல்லூரும் முன்பு தனி நகராட்சியாக இருந்ததுதான். பிறகு திருப்பூர் மாநகராட்சியில் கரைத்துவிட்டார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சண்டை பிடிக்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் பிடிவாதமாக நின்றுவிட்டார்களே என்று எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது. அடுத்தவன் பேரில் இருக்கமாட்டேன் என்கிற ஊர். எனக்கு அது புரியாதா?

நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே ஓர் அகலமான தெரு. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உயரக் கட்டடங்கள், மேலே போகப் போகப் படி படியாக உள்வாங்கி நிற்கின்றன. பணக்காரர்களுக்கு என்று நினைத்தேன். ஆலைத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்திலேயே நகராட்சி கட்டிய வீடுகளாம். அங்கே ஒரு காலத்தில் துணிப் பட்டறைகளும் சாயப் பட்டறைகளும் நிறைய இருந்தனவாம். சாயப் பட்டறை என்று கேட்டதும் நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறையக் குதித்தேன். அந்தப் பட்டறைகளுக்கு வேலை தேடி வந்தவர்கள்தான், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள்தான், இப்போது அந்த ஊர். இத்தாலியிலிருந்து, போர்ச்சுகலிலிருந்து, அல்ஜீரியாவிலிருந்து, பிறகு ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும். அவள் குடியிருந்த கட்டடத்தின் கீழே தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும். அதில் ஒட்டியிருந்த பேர்களைப் படித்துப் பார்த்தால் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. எங்கள் யூனிட்டின் வருகைப் பதிவும் அப்படித்தான். தென்காசிக்காரர் பக்கத்தில் ஒடிசாக்காரர், அவருக்குப் பக்கத்தில் எங்கள் தெருவிலேயே பிறந்த செக்கிங் அக்கா.

சந்தை கூடும் காலையில் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. இடித்துக்கொண்டு நடக்கிறார்கள், கொத்தமல்லிக் கட்டை முகர்ந்து பார்த்துப் பேரம் பேசுகிறார்கள், ரொட்டிக் கடையில் தெருமுனை வரை வரிசை நிற்கிறது, வரிசையில் நிற்கிறவர்கள் நீட்டு ரொட்டியின் முனையை வீட்டுக்குப் போவதற்குள் கடித்துத் தின்றுவிடுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கூட்டம் சைக்கிளில் சரேலென்று போனது. முக்குக்கு முக்கு ஒரு திடல், திடலுக்குத் திடல் கூடைப்பந்து வளையம். நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் எப்படியோ, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து அப்படி.

ஒன்று மட்டும் என் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு ஜனம் இருக்கிற ஊரில் ஒரு துணிகூடக் காயவில்லை. எத்தனை ஜன்னல்கள், எத்தனை பால்கனிகள், ஒரு பாவாடை தொங்க வேண்டுமே! நல்லூரில் அண்ணாந்து பார்த்தால் வானத்தைவிடத் துணிதான் அதிகம் தெரியும்.

"இவங்கெல்லாம் துவைக்கறதே இல்லையா கண்ணு?" என்று கேட்டேன்.

"ஐயோ அக்கா! வெளியில தெரியிற மாதிரி உடுப்புக் காயப் போட ஏலாது. எங்கட கட்டடத்துச் சட்டம். மேல் மாடிக் கதவும் எப்பவும் பூட்டுத்தான். வீட்டுக்குள்ளயும் இடம் இல்லை. எல்லாரும் கீழ போய்த்தான் காய வைக்கிறது."

அவள் வீட்டுக்குள் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நடந்தால் ஒருவர் கட்டிலில் ஏறி நிற்க வேண்டும். கீழே போய் என்றால் வெயிலில் என்று நான் எண்ணிக்கொண்டேன். வெயில் எங்கே இருக்கிறது என்றும் யோசிக்கவில்லை. போனதிலிருந்து அங்கே சூரியனையே நான் பார்க்கவில்லை.

பையரம்மாவின் கடைக்கு நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். வரவேற்று, காப்பி கொடுத்து, போடாமல் மிச்சமிருந்த எங்கள் டி-ஷர்ட் ஒன்றைப் பிரித்து மேசையில் வைத்தார். நான் டேப்பை எடுத்து அவர் கண் முன்னால் அளந்தேன். சரியாக இருந்தது. நான் கொண்டுபோன, எங்கள் மாடியில் துவைத்துக் காயவைத்த உருப்படியையும் பக்கத்தில் வைத்து அளந்தேன். அதுவும் சரி. "சீ மேடம்! ஆஃப்டர் வாஷ் ஆல்ஸோ சேம்!" என்று மேசையைத் தட்டினேன். அவர் அந்தப் புது உருப்படியை எடுத்துக்கொண்டு, வா என்று கையைக் காட்டினார். மூன்று பேரும் தெருமுனைக்குப் போனோம்.

அது ஒரு கடை. ஆனால் விற்பதற்கு எதுவும் இல்லை, கடைக்காரரும் இல்லை. சுவரோரமாக ஆளுயர வாஷிங் மெஷின்கள், எதிரே அதைவிடப் பெரியதாக வட்டக் கண்ணாடிக் கதவு போட்ட, சூட்டில் துணி உலர்த்தும் மெஷின்கள். காசு போட்டால் ஓடும். கண்ணாடிக்குப் பின்னால் தெருவில் உள்ளவர்களின் துணியெல்லாம் தலைகுப்புற விழுந்து விழுந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் செய்தித்தாள் படித்தபடி காத்திருந்தார், ஒரு மாணவி பாடப் புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். வில்லூர்பானின் மொட்டை மாடி இதுதானா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

துவைத்து முடிந்ததும் பையரம்மா எங்கள் டி-ஷர்ட்டைக் காயவைக்கும் மெஷினுக்குள் எறிந்து கதவைச் சாத்தினார். எங்கள் டி-ஷர்ட் சூட்டில் கிடந்து உருண்டது. எனக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. மெஷின் நின்றதும் நானே முந்திக்கொண்டு கதவைத் திறந்து எடுத்தேன். கை சுட்டது. படாரென்று ஓர் உதறு உதறினேன். இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கீழ் மடிப்பை நறுக்கென்று இழுத்துவிட்டேன்.

பையரம்மா புருவத்தைத் தூக்கி ஏதோ கேட்டார். என் பக்கத்தில் நின்றவள், "ஏன் அக்கா அதைப் பிடிச்சு இழுக்கிறீங்கள் எண்டு கேக்கிறா" என்றாள்.

"இதென்ன கேள்வி? துணின்னா உதறி இழுத்துத்தானே கண்ணு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஈரத் துணியை உதறி, கீழ் மடிப்பை ஓர் இழுப்பு இழுத்துக் கொடியில் போடுவது எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கை தானாகச் செய்யும். அப்படி இழுத்தால் சுருக்கம் இருக்காது. இழுத்து, கிளிப் போட்டுத் தொங்கவிட்டால், ஈரத்தின் கனமும் சேர்ந்து துணியைக் கீழே இழுத்துக்கொண்டே காய வைக்கும். சுருங்க வேண்டிய பனியன் சுருங்குவதற்கு எங்கள் மாடியில் வழியே இல்லை. நான் டேப் வைத்துச் சரி சரி என்று தலையாட்டியதில் என் கை இழுத்த நீளமும் சேர்ந்திருந்தது. இங்கே யார் இழுக்கிறார்கள்? உருட்டி எடுத்து மடித்து வைக்கிறார்கள். மேசையில் பரப்பி, கையை எடுத்துவிட்டு அளந்தேன். போட்டோவில் அந்தப் பெண்ணின் வயிறு எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு குறைந்திருந்தது.

முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது பாருங்கள், அடக்கவே முடியவில்லை. கிழவர் செய்தித்தாளைக் கீழே இறக்கிவிட்டுப் பார்த்தார். நான் பையரம்மாவுக்கு நல்லூர் மொட்டை மாடியை அங்கேயே நடித்துக் காட்டினேன். உதறினேன், இழுத்தேன், இல்லாத கொடியில் போட்டேன், தலைக்கு மேலே சூரியனைக் காட்டினேன், "மிஸ்டேக் அவுர்ஸ் மேடம், ஹண்ட்ரட் பர்சன்ட் அவுர்ஸ்" என்றேன். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. ஆனால் வியாபாரி வியாபாரிதான். சிரித்து முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: புதிதாக ஓர் உருப்படி தைத்து அனுப்பு. இதே கடையில், இதே மெஷினில் போடுவேன். போட்டோவில் இருந்த பெண்ணே அதைப் போட்டுக்கொண்டு பந்து எறிவாள். வயிறு தெரிந்தால் இத்தோடு முடிந்தது.

சாயங்காலம் அந்தப் பெண்ணையும் விளையாட்டுக் கூடத்தில் பார்த்தேன். சுருட்டை முடி, நெட்டை உடம்பு, அல்ஜீரியாக்காரக் குடும்பம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நறுக்கென்று ஏதோ சொன்னாள். யாழ்ப்பாணத்துப் பெண் தயங்கித் தயங்கி, "பொம்மைக்குத் தைச்ச உடுப்பை எனக்கு ஏன் அனுப்பினவை எண்டு கேக்கிறாள். கொஞ்சம் வாய் கூடின பிள்ளை அக்கா" என்றாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. அந்த வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன், இப்போதும் அப்படித்தான் இருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு மாடிக்குப் போய், கொடியில் கிடந்த தன் பனியனை எடுத்து இழுத்துப் பார்த்து, விட்டுப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய், துணி சுருக்கத்தை முன்கூட்டியே எடுத்துத் தரும் காம்பாக்டிங் பட்டறையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துகொண்டார். பெரிய கம்பெனி ஒன்றில் காயவைக்கும் மெஷின் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதில் எங்கள் சாம்பிளைப் போட்டு எடுத்தோம். குறைந்தது. மறுபடி துணியைத் தளர்த்தி, வெட்டுவதற்கு முன் கிடையாகப் போட்டு வைத்து, மறுபடி தைத்தோம்.

யூனிட்டில் ஒரே ஒரு புதுச் சட்டம் போட்டேன்: துவைத்த சாம்பிளை யாரும் இழுக்கக் கூடாது. செக்கிங் அக்காவால்தான் முடியவில்லை. "கை தானாப் போகுதுங்க, நான் என்ன பண்றதுங்க?" என்பார். கடைசியில் சாம்பிள் வரும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினார். நானும் அவர் பக்கத்தில் அப்படியே நின்றேன். நல்லதாக வந்த ஓர் உருப்படியைக் கூரியரில் அனுப்பினோம். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

சோதனை புதன்கிழமை. அன்றைக்கு அங்கே பிள்ளைகளுக்கு மத்தியானம் பள்ளிக்கூடம் இல்லையாம். எங்களுக்குச் சாயங்கால டீ நேரம். கட்டிங் டேபிளில் ஃபோனைச் சாய்த்து வைத்தோம். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் சுற்றி வந்து நின்றார்கள். ஃபோனில் அந்த வட்டக் கண்ணாடிக் கதவு. உள்ளே எங்கள் டி-ஷர்ட் உருள்கிறது, விழுகிறது, உருள்கிறது. நல்லூரில் ஒரு யூனிட் முழுக்க வில்லூர்பானில் துணி காய்வதை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"சூடு ஜாஸ்தியா வச்சுட்டாங்களோ என்னமோங்க?" என்றார் செக்கிங் அக்கா.

"மாதாவே, சுருங்காம இருக்கணும்" என்று தூத்துக்குடிக்காரர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஒடிசாத் தம்பி இந்தியில் எதையோ முணுமுணுத்தான். என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் பின்னால், மெஷின் மேல் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மெஷின் நின்றது. யாழ்ப்பாணத்துப் பெண் துணியை எடுத்து, எங்களுக்குத் தெரிய வேண்டும் என்று கையை விரித்துக் காட்டி, "இழுக்கேல்லை அக்கா, சத்தியமா இழுக்கேல்லை" என்றாள். பிறகு படம் குலுங்கியது, தெரு, மரம், நடக்கிற கால்கள், ஒரு கதவு. விளையாட்டுக் கூடம் வந்தது. அந்தச் சுருட்டை முடிக்காரி டி-ஷர்ட்டை வாங்கி முகர்ந்து பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், தலை வழியாகப் போட்டுக்கொண்டாள். பையரம்மா பந்தைக் கொடுத்தார்.

அவள் இரண்டு தட்டு தட்டினாள். வளையத்தைப் பார்த்தாள். முழங்காலை மடித்து, குதித்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே எட்டுகிற மட்டும் தூக்கினாள்.

துணி கூடவே ஏறியது. ஏறி, இடுப்பில் நின்றது. அதற்கு மேலே ஓர் அங்குலம் போகவில்லை.

எங்கள் யூனிட்டில் எழுந்த சத்தத்துக்கு எதிர் வீட்டு ஓவர்லாக் மெஷினே நின்றுவிட்டது. செக்கிங் அக்கா பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து என்னைக் கட்டிக்கொண்டார், ஒடிசாத் தம்பி டேபிள் மேல் ஏறி ஆடினான். நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கழுத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார், தோள் குலுங்கியது. "ஏனுங்க, பார்த்தீங்களா?" என்று கத்தினேன். "பார்த்தேன் புள்ள, பார்த்தேன்" என்றார். நானும் அழுதேன், வெட்கமே படாமல் அழுதேன்.

ஃபோனில் அந்தப் பெண் முகம் சிவந்து, கோபமாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"என்ன கண்ணு சொல்றா? டி-ஷர்ட் புடிக்கலையாமா?"

"அதில்லை அக்கா. பந்து கூடைக்குள்ள விழவே இல்லை, நான் பிழை விட்டதுக்கு உங்கட ஆக்கள் ஏன் இப்பிடிக் கை தட்டினவை எண்டு கேக்கிறாள்."

பந்து எங்கே போனது என்று எங்களில் ஒருவர்கூடப் பார்த்திருக்கவில்லை.